பால் ஊற்றியபோது விழுந்த சொடக்கு

பாவடித் தெருவில் மனுசர்களின் தலைக்குள்ளிருந்து சொடக்கு விழ ஆரம்பித்தது எந்த வருசம் என்று கேட்டால் ஆளுக்கொரு வருசம் சொல்வார்கள். விசைத்தறிகள் இரவும் பகலும் சடசடவென்று ஓடுகிற அந்தத் தெருவில் பக்கத்தில் நின்று ஒருவன் தும்மினாலே காதில் விழாது, பிறகு மண்டைக்குள் விழுகிற சத்தம் மட்டும் எங்கே கேட்கப்போகிறது? ஒரு நாள் மத்தியானம் கரண்டு போய், தறிகளெல்லாம் ஒரே மூச்சில் நின்று, தெருவே காதைப் பொத்தின மாதிரி ஆனபோதுதான், விரலை மடக்கிச் சொடக்கு எடுப்பது போன்ற சத்தம் இந்த வீட்டில் ஒன்றும் அந்த வீட்டில் ஒன்றுமாகக் கேட்டது; பார்த்தால் எல்லோருடைய விரல்களும் நீட்டியபடியே இருந்தன. வாய்வு என்றார்கள் சிலர். பஞ்சுத் தூசி காதுக்குள் போய்விட்டது என்றார்கள் சிலர். இரண்டு மூன்று கரண்டு கட்டுக்குள் உண்மை என்னவென்று தெருவுக்கே புரிந்துபோனது.

ஒரு காரியம் முடிந்து இன்னொன்று தொடங்கியது என்று மனசு எந்த இடத்தில் நினைக்கிறதோ, அந்த இடத்தில் சொடக்கு விழுந்தது. சோறு உண்டு முடித்தால் விழுந்தது. விருந்தாளி வாசலில் தலை காட்டினால் விழுந்தது. கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போகிறவர்களுக்கு நிலைப்படியைத் தாண்டும்போது விழுந்தது; விழுந்த கையோடு எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோய் நடு அடுப்படியில் நின்று முழித்தார்கள். பாதிச் சினிமாவில் கரண்டு போய் ஜெனரேட்டரும் மக்கர் செய்த ஒரு நாளில், திரை இருண்ட அந்தக் கணத்தில் கொட்டகையில் இருந்த அத்தனை தலைகளும் ஒன்றாகச் சொடுக்கின. தூங்கிக்கொண்டிருந்த ஒருவன் மட்டும் தாமதமாகச் சொடுக்கி எல்லோரையும் சிரிக்க வைத்தான்.

"பாவு ஒண்ணுதான். ஒரே நூலுதான் மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஓடுது. இது ஒரு துண்டு, அது ஒரு துண்டுன்னு நாமதான் வெட்டிக்கறோம். அந்த வெட்டற சத்தந்தான் இது" என்று சொன்னான் அர்த்தநாரி. நாலு தறி போட்டுத் துண்டு நெய்கிறவன், அதிகம் பேசாதவன், பேசினால் தறியைப் பற்றித்தான் பேசுவான். அவன் மனைவி அம்சவேணி அதைக் கேட்டு, "ஆமாங், பெரிய கண்டுபிடிப்பு" என்று சிரித்தாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு சுலபமாக வரும்.

சத்தம் பிடிபட்டதும் அவமானமும் கூடவே வந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் பஜ்ஜித் தட்டைக் கீழே வைப்பதற்கு முன்பே மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சொடக்கு விழுந்தால், பெண் வீட்டார் அதற்கு மேல் காப்பி கலக்கவில்லை. கோயிலில் கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே பாதிப் பேருக்கு விழுந்துவிட்டது. பூசாரிக்கு எல்லோருக்கும் முந்தி விழுந்தது. மனசு விட்டு ஒருத்தி தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், எதிரே உட்கார்ந்து 'உச்' கொட்டுகிறவளுக்கு நடுவிலேயே விழுகிறது, அப்புறம் அந்தக் கஷ்டத்தை எப்படிச் சொல்லி முடிப்பது? நம்மவர்களா அசருகிறவர்கள்? ஊரோடு ஒத்து வாழ வழி கண்டுபிடித்தார்கள். துக்கம் விசாரிக்கிறதென்றால் தறி ஓடுகிற நேரம் பார்த்துப் போனார்கள். கல்யாணத்தில் மேளக்காரரை ஓய விடவில்லை. எந்த ஏற்பாட்டையும் மீறி ஒருவருடைய சொடக்கு காதில் விழுந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர் கூரையை அண்ணாந்து பார்த்து, "கரண்டு எப்ப வருமுங்?" என்று கேட்க வேண்டும், மற்றவர்களும் கூரையைப் பார்க்க வேண்டும். அதுதான் மரியாதை. கேட்டது கேட்கவில்லை என்று ஆகிவிடும்.

இன்னொன்றும் இருந்தது. செருப்புச் சத்தத்தை வைத்து வருகிறவர் யாரென்று சொல்கிற மாதிரி, சொடக்கை வைத்தும் ஆளைச் சொல்லிவிடலாம். அம்சவேணியின் சொடக்கு ஒற்றையாக விழாது. முதலில் மெல்லிசாக ஒன்று, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கனமாக இன்னொன்று. அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்திக்குத்தான் அப்படி.

ஒரு புரட்டாசி மாசம் அர்த்தநாரி தறிமேட்டில் நின்று அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தவன், முடிச்சை இழுத்து இறுக்குவதற்கு முன்னால் அப்படியே சரிந்து விழுந்தான். மூளையில் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் குழாய்களோடு கிடந்தான். அம்சவேணி வராந்தாவில் முந்தானையை விரித்துப் படுத்துக் கிடந்தாள். குழந்தை குட்டி இல்லாதவர்கள், அவனுக்கு அவள், அவளுக்கு அவன். கடைசியில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இனி வெச்சிருந்து பிரயோசனமில்லம்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். எத்தனை பெரிய டாக்டரானாலும் இதைச் சொல்லும்போது கண்ணாடியைத்தான் பார்க்கிறார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அர்த்தநாரியின் அண்ணன் கைலாசத்துக்கு வேனில் வரும்போதே சொடக்கு விழுந்துவிட்டது. வேன் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. இறங்கியதும் அவர் போய்ப் பந்தல்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார். பக்கத்து வீட்டு ருக்குமணிக்கு அவனைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தபோது விழுந்தது, தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வந்து நின்ற சொந்தங்கள் ஒவ்வொருவருக்கும் வாசலிலோ, செருப்பைக் கழற்றும்போதோ, அவன் முகத்தைப் பார்த்தபோதோ விழுந்துதான் இருந்தது. ஆனால் சத்தத்துக்குள் செய்த பாவத்துக்குச் சாட்சி ஏது?

கடைசிப் பால் ஊற்றினார்கள். மூத்தவர்கள் ஊற்றி, பங்காளிகள் ஊற்றி, முடிவில் அம்சவேணியின் கையில் டம்ளரையும் கரண்டியையும் கொடுத்தார்கள். அவள் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவள் அழுதது நிஜம். அவனோடு வாழ்ந்த காலமெல்லாம் நினைவுக்கு வந்தது நிஜம். கரண்டியைச் சாய்த்தபோது எதிரே இருந்த ஜன்னலும், ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்ற நாலாவது தறியும் அவள் கண்ணில் பட்டன. இந்தத் தறியை எடுத்துவிட்டு இங்கே ஒரு கட்டில் போட்டால் நல்ல காற்று வருமே, நிம்மதியாகத் தூங்கலாமே என்று ஒரு நினைப்பு, கூப்பிடாமல் வருகிற பூனை மாதிரி, வந்து உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது.

தெருவின் அத்தனை தறிகளும் நின்றன. மின்விசிறி நின்றது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட திடீரென்று தங்கள் குரல் பெரிதாகக் கேட்டதால் கூச்சப்பட்டு நிறுத்தினார்கள். அந்த அமைதிக்குள்ளே, மெல்லிசாக ஒன்றும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கனமாக இன்னொன்றுமாக, அம்சவேணியின் சொடக்கு விழுந்தது. திண்ணமாக, தெளிவாக, வாசலில் நின்றவர்கள் வரைக்கும் கேட்டது.

அவன் கண்ணைத் திறந்தான். வாயில் இருந்த பாலை மடக்கென்று விழுங்கினான்.

கைலாசந்தான் முதலில் கூரையைப் பார்த்து, "கரண்டு எப்ப வருமோ" என்றார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அம்சவேணி மட்டும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலம் பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது அவளுக்கு. நிலமா பிளக்கும்? சிமெண்டுத் தரை.

அர்த்தநாரி சாகவில்லை. மறுநாள் கஞ்சி குடித்தான். பந்தல்காரர் வந்து ஒரு வார்த்தை பேசாமல் மூங்கில்களை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனார். தை பிறந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். நோயாளிக்குக் காற்று வேண்டும் என்று கைலாசம் ஆட்களைக் கூட்டிவந்து நாலாவது தறியைக் கழற்றி, ஜன்னலோரத்தில் கட்டில் போட்டுக் கொடுத்தார். அந்தக் கட்டிலைப் பார்த்த அன்று அம்சவேணி கொல்லைப்பக்கம் போய்ச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள்.

பிழைத்து எழுந்தவனுக்குச் சொடக்கு விழவில்லை. ஒன்றுகூட விழவில்லை. தெருவே உற்றுக் கேட்டுப் பார்த்தது. அவனுக்கு எதுவும் முடியவில்லை, அதுதான் காரணம். உண்ண உட்கார்ந்தால் போடப்போட உண்டுகொண்டே இருப்பான். குளிக்கப் போனால் தொட்டி வற்றும்வரை மொண்டு மொண்டு ஊற்றுவான். வாசலில் நின்று ஒருவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டால், அவர் தெருமுனை தாண்டிப் போன பிறகும் கும்பிட்டபடியே நிற்பான். எல்லாம் அவனுக்கு வெட்டாத பாவாக ஓடியது. ஆகையால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நின்று, "ஆச்சுங், கை கழுவுங்" என்றும், "ஆச்சுங், துவட்டிக்கோங்" என்றும், "ஆச்சுங், அவர் போயிட்டாருங்" என்றும் அம்சவேணிதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதும் பச்சைப்பிள்ளை மாதிரி கேட்டுக்கொள்வான். நேரத்துக்கு முந்தி அவனை முடித்துவைத்தவளுக்கே, அவனுடைய ஒவ்வொரு காரியத்தையும் முடித்துவைக்கிற வேலை வந்து வாய்த்தது.

ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அது அவன் காதில் விழுந்ததா?

விழுந்திருக்கும் என்றே அவள் நினைத்தாள். அதன் பிறகு அவன் அவளை நேருக்கு நேர் பார்த்ததே இல்லை. சோற்றைப் பார்ப்பான், சுவரைப் பார்ப்பான், அவள் கால்விரலைப் பார்ப்பான். முகத்தைப் பார்க்க மாட்டான். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவந்தது. பார்வை மட்டும் திரும்பவில்லை.

தெரு என்ன செய்தது தெரியுமா? அதுதான் பெரிய கூத்து. கேட்டதைக் கேட்கவில்லை என்று ஆக்குவது பழகிப்போன தெரு, ஒரு படி மேலே போய் நடக்காததை நடந்தது என்று ஆக்கியது. "எத்தனை பேர் ஊத்துனோம், அம்சவேணி ஊத்துன பாலுல்ல அவனை எழுப்பி உட்டுது" என்று யாரோ ஆரம்பித்தார்கள். எமனிடமிருந்து புருசனை மீட்ட சாவித்திரி என்றார்கள். அன்றைக்கு அந்த அமைதியில் நின்று இரண்டு காதாலும் கேட்டவர்களே முன்னால் நின்று சொன்னார்கள். தங்களுக்கு வேனிலும் வாசலிலும் விழுந்ததை மறைக்க அவர்களுக்கும் ஒரு போர்வை வேண்டியிருந்தது. சுமங்கலி பூசைக்கு அவளை முதலில் உட்கார வைத்தார்கள். இழுத்துக்கொண்டு கிடக்கிற கிழங்களுக்குப் பால் ஊற்ற வரச்சொல்லி வீடு தேடி வந்தார்கள்.

"எனக்கு அந்த ராசியெல்லாம் இல்லீங்க்கா, என்னைய உட்டுருங்" என்று ருக்குமணியிடம் கெஞ்சினாள் அம்சவேணி.

"வாசலுக்கு வந்தவங்களை வேண்டாம்னு சொல்லாத அம்சா. போயி ஒரு கரண்டி ஊத்திட்டு வா. உன்ற மாங்கல்ய பலம்."

"அன்னைக்கு நீங்களும் அங்கதான இருந்தீங்? உங்களுக்கு எதும் கேக்கலியாக்கா?"

ருக்குமணி கூரையை அண்ணாந்து பார்த்தாள். தறிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன, விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது, ஆனாலும், "கரண்டு எப்ப வருமோ" என்றாள்.

அம்சவேணி போனாள், ஊற்றினாள். யாரும் எழவில்லை. விழுங்கிவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கும் தெரு ஒரு பேச்சு வைத்திருந்தது: அம்சவேணி ஊற்றினால் இழுபறி இல்லை. திட்டியிருந்தால் அழுது ஆறியிருப்பாள். கையெடுத்துக் கும்பிடுகிறவர்களிடம் போய் என்னவென்று அழுவது?

அமைதியே அவளுக்கு ஆகாமல் போனது. அவனோடு தனியாக இருக்கும்போது சத்தம் நின்றுவிட்டால் அன்றைய சொடக்கைப் பற்றி அவன் கேட்டுவிடுவான் என்று பயந்தாள். மத்தியானக் கரண்டு கட்டு வருகிற நேரம் பார்த்து ரேஷன் கடைக்கோ கோயிலுக்கோ கிளம்பிவிடுவாள். அவன் கையில் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போவாள், இல்லாவிட்டால் நிறுத்தத் தெரியாமல் செய்துகொண்டே இருப்பான். இப்படியே ஆடியும் ஐப்பசியும் மாறி மாறிப் போயின.

பங்குனி வெயிலில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் முன்னதாகவே கரண்டு போனது. அர்த்தநாரி சோறு உண்டுகொண்டிருந்தான். அவள் எதிரே உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருந்தாள். எழுந்து ஓட முடியாது, தட்டு காலியானதும் ஆச்சு என்று சொல்ல ஆள் வேண்டும். தறிகள் நின்றன. தெரு நின்றது. அவன் பிசைகிற சத்தம்கூடக் கேட்டது.

"அம்மிணி" என்றான் அவன், தட்டைப் பார்த்துக்கொண்டே. "உன்றகிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"உண்டுட்டுச் சொல்லுங்."

"என்னைய எப்பிடி நீ பொறுத்துக்கறே?"

"ஏனுங் அப்பிடிக் கேக்கறீங்?"

"நீ தலமாட்டுல உக்காந்து பால் ஊத்தறே. அழுதுட்டே ஊத்தறே. உன்ற கண்ணீரு என்ற கன்னத்துல வுழுகுது." நேற்று நடந்ததைச் சொல்வது போலவும் சொல்லவில்லை, நடந்துகொண்டிருப்பதைச் சொல்வது போலச் சொன்னான், அவனுக்கு அது இன்னும் முடிந்திருக்கவில்லை. "ஊத்தறப்பவே என்ற தலகிட்டயே சத்தம் கேக்குது, எனக்குச் சொடக்கு வுழுந்துருது. எல்லார்த்து முன்னாலயும் வுழுகுது. நீ என்னைய உடாம புடிச்சிட்டு இருக்கறே, நான் உன்னைய முடிச்சுட்டேன். போதும்னு உட்டுட்டேன். அந்தச் சத்தம் உன்ற காதுலயும் வுழுந்துருக்கும். அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் உன்ற மூஞ்சியப் பாக்கறது? வெக்கமா இருக்குது அம்மிணி."

இத்தனை காலமாக அவன் சுவரைப் பார்த்ததும் கால்விரலைப் பார்த்ததும் இதற்காகத்தானா? அவளுடைய அழுக்கைத் தன்னுடையது என்று நினைத்து இவன் சுமந்துகொண்டிருந்தானா? சொல்லிவிடு, அது என்னுதுங் என்று இப்போதே சொல்லிவிடு என்று அவள் வாய் வரைக்கும் வந்தது. வந்ததற்கும் பேசுவதற்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் அவளுக்குத் தோன்றியது இதுதான்: இவனுக்குத் தெரியாது. இனியும் தெரியப்போவதில்லை. தெருவே எனக்குச் சாட்சி சொல்லும். அப்பாடா என்று அவளுடைய மனசு, இத்தனை வருசம் இறக்கிவைக்க இடமில்லாமல் தூக்கித் திரிந்ததைக் கீழே வைத்தது.

மெல்லிசாக ஒன்று விழுந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கனமாக இன்னொன்று விழுந்தது.

அர்த்தநாரியின் கை சோற்றில் நின்றது. அவன் அதைக் காது கொடுத்துக் கேட்டான். கேட்டு முடிந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு தலையை நிமிர்த்தி, விழுந்து எழுந்த நாளுக்கப்புறம் முதல் தடவையாக, அவளை முகத்துக்கு நேரே பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள் அவள். கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு கொம்பாவது கிடைத்திருக்கும். அன்றைக்கு விழுந்தது யாருடைய சொடக்கு என்பது விளங்கிய மனுசனின் முகம் மட்டும்தான் அங்கே இருந்தது.

அப்போது அவன் தலைக்குள்ளிருந்து ஒரு சொடக்கு விழுந்தது. ஒற்றையாக, சுத்தமாக விழுந்தது. அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள். எது முடிந்து எது தொடங்கியதற்கான சத்தம் அது?

தட்டில் இன்னும் சோறு இருந்தது. அவன் யாரும் சொல்லாமலே கையை எடுத்தான். சொம்பை இழுத்து, தட்டின் ஓரத்தில் தானே கை கழுவினான். தானே துண்டில் துடைத்துக்கொண்டான்.

"எனக்குப் போதும், அம்மிணி" என்றான். "நீ இன்னும் சோறு உங்கலையில்ல? போட்டுட்டு உக்காரு."

குரலில் ஒரு குறையும் இல்லை. கட்டிய புருசன் எந்த நாளும் சொல்கிற பேச்சுதான். அவள் வேறொரு தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் எழுந்து போகவில்லை. எதிரிலேயே உட்கார்ந்து அவள் உண்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் குனிந்த தலை நிமிராமல் ஒரு வாய் உண்டாள், இன்னொரு வாய் உண்டாள், சட்டியில் இருந்ததையும் போட்டு உண்டாள். ருசியும் தெரியவில்லை, வயிறு நிறைந்ததும் தெரியவில்லை, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. அவன் ஆச்சுன்னு சொல்லட்டும் என்று காத்துக்கொண்டே உண்டுகொண்டிருந்தாள்.